ஏழு விசைகள்

2009-ஆம் ஆண்டு ஆவணி மாதம், இரவு எட்டரை மணி. பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சின்ன டி.டி.பி. சென்டர் வாசலில் சர்வீஸ்காரர் வண்டியை நிறுத்தியபோது, படியில் இரண்டு பேர் பேசாமல் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் பழுப்புக் கவர். அதற்குள் ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கவர் வைத்திருந்தவருடைய அப்பா அன்று மாலைதான் காலமாகியிருந்தார்.

“காலையில பத்து மணிக்கு எடுக்கோம் தம்பி. அதுக்குள்ள போஸ்டர் ஒட்டியாகணும்” என்றார் கவர் வைத்திருந்தவர். குரலில் கோபமில்லை, அவசரமும் இல்லை. அழுது முடித்த குரல்.

சர்வீஸ்காரருக்கு அப்போது 27 வயது. கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையைச் சொந்தமாகத் தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. தோளில் ஒரு ரெக்ஸின் பை. அதற்குள் ஸ்க்ரூடிரைவர் செட், மல்டிமீட்டர், ரெண்டு ரேம், ஒரு பழைய எஸ்.எம்.பி.எஸ்., ஒரு டப்பா நிறைய ஸ்க்ரூ. டி.டி.பி. சென்டர் நடத்திய அக்கா போனில் சொன்னது ஒரே வரிதான்: “புது கீபோர்டு வாங்கி மாட்டியாச்சு தம்பி, சிஸ்டம் ஏற மாட்டேங்குது.”

நடந்தது இது. சாயங்காலம் யாரோ வைத்த பால் டீ தட்டி, கீபோர்டின் மேல் கொட்டிவிட்டது. ஒரு எழுத்தைத் தட்டினால் நாலு எழுத்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் சிபியூ பெட்டிக்குள் இருந்து ‘பீப் பீப்’ என்று விடாமல் சத்தம் வந்தது. அக்கா பயந்துபோய் சுவர் சுவிட்சையே அணைத்துவிட்டார். கடைப் பையன் ஓடிப்போய் 300 ரூபாய்க்கு ஒரு புதுக் கீபோர்டு வாங்கி வந்தான். பழையது உருண்டை முள் கீபோர்டு. புதியது தட்டை முள், அதாவது யூஎஸ்பி. கடையில் அது மட்டும்தான் இருந்ததாம்.

மாட்டி, சிஸ்டத்தைப் போட்டார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றது. சிமாஸ் செக்சம் பிழை என்றும், எஃப் 1 அழுத்தினால் தொடரலாம், டெல் அழுத்தினால் செட்டப்புக்குள் போகலாம் என்றும் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். எஃப் 1 அழுத்தினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. டெல் அழுத்தினார்கள். அதற்கும் ஒன்றுமில்லை. பையன் எல்லா விசைகளையும் வரிசையாக அழுத்திப் பார்த்துவிட்டு, “டம்மி பீஸ் கொடுத்துட்டாங்கக்கா” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

சர்வீஸ் வேலையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த இடம் தெரிந்ததுதான். புதிதாக வந்த பொருளின் மேல்தான் முதல் சந்தேகம் விழும். அவரும் அப்படித்தான் தொடங்கினார். கீபோர்டைக் கழற்றி வேறு ஓட்டையில் மாட்டினார். பின்பக்கம் நாலு யூஎஸ்பி, முன்பக்கம் ரெண்டு. ஆறிலும் மாட்டி மாட்டி ஆறு தடவை சிஸ்டத்தை அணைத்துப் போட்டார். ஆறு தடவையும் அதே இரண்டு வரிகள்.

பிறகு கீபோர்டை எடுத்துக்கொண்டு, வாங்கிய கடைக்கே வண்டியை விட்டார். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். தன் பில் போடும் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினார். எல்லா எழுத்தும் அழகாக விழுந்தன. “கீபோர்டுல ஒண்ணுமில்ல. உங்க போர்டு போயிருக்கும். மதர்போர்டு மாத்தச் சொல்லுங்க” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்த நாட்களில் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்ட பதில் அது. ஆனால் அந்தப் பதிலை நம்பி எத்தனை நல்ல மதர்போர்டுகள் எடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் சர்வீஸ்காரருக்கு வருத்தமாக இருக்கிறது.

திரும்பி வரும் வழியில் தன் வீட்டில் நிறுத்தி, ஊதா நிற கன்வெர்ட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் உருண்டை முள். அதைப் போட்டு, பழைய கீபோர்டு இருந்த உருண்டை ஓட்டையிலேயே புதியதை மாட்டிப் பார்த்தார். அதிலும் அசைவில்லை.

அந்தக் கன்வெர்ட்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்குள் சிப் எதுவும் கிடையாது. நாலு கம்பியை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றி இணைக்கிறது, அவ்வளவுதான். இரண்டு முறையிலும் பேசத் தெரிந்த கீபோர்டாக இருந்தால் அது வேலை செய்யும். யூஎஸ்பி முறை மட்டுமே தெரிந்த கீபோர்டுக்கு அந்தக் கன்வெர்ட்டரால் ஒரு பலனும் இல்லை. இது அவருக்கு அன்று இரவு தெரியாது. மூன்று வருஷ அனுபவத்தில் அது வரை அப்படி ஒரு கீபோர்டு கையில் வந்ததில்லை.

மணி ஒன்பதரை. வாசலில் இருந்தவர்கள் படியில் உட்கார்ந்துவிட்டார்கள். பிரஸ்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். ட்ரேசிங் பேப்பரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால்தான் அவர் பிளேட் போட முடியும். பிளேட் போட்டால்தான் மெஷினில் ஓட்ட முடியும். விடிவதற்குள் ஓடினால்தான் பசை வாளியோடு பையன்கள் கிளம்ப முடியும். ஒரு சாவுச் செய்தி ஊருக்குப் போய்ச் சேர வேண்டிய வழி முழுக்க அந்தக் கறுப்புத் திரையில் வந்து நின்றுவிட்டது. வேறு கடையில் போய் அடித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அந்த நேரத்துக்குத் திறந்திருந்தது அந்த ஒரு கடைதான். அந்தக் குடும்பத்தின் கல்யாணப் பத்திரிகைகளையும் அக்காதான் அடித்துக் கொடுத்திருந்தார். ஆகவே வாசகத்தில் யார் பெயர் முன்னால், யார் பெயர் பின்னால் என்பது அக்காவுக்கு அத்துப்படி.

சர்வீஸ்காரர் அவசரப்படுவதை நிறுத்தினார். கீபோர்டை யூஎஸ்பி ஓட்டைக்கே மாற்றி, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, சிஸ்டத்தை இன்னொரு முறை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். அழுத்துவதை விட்டுவிட்டுப் பார்ப்பது. அன்றைக்கு அவர் செய்த முதல் நல்ல காரியம் அதுதான்.

சிஸ்டம் உயிர் பெறும்போது கீபோர்டின் மூலையில் இருக்கும் மூன்று விளக்குகளும் ஒரு தடவை கண் சிமிட்ட வேண்டும். நம் லாக், கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக். உருண்டை முள் கீபோர்டில் மின்சாரம் வந்ததும் அது தன்னைத்தானே ஒரு சோதனை செய்துகொண்டு, ‘நான் சரியாக இருக்கிறேன்’ என்று கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும். அந்தச் சிமிட்டல் அதன் அடையாளம். இந்தப் புதுக் கீபோர்டில் விளக்கு சிமிட்டவே இல்லை. நம் லாக்கைத் தட்டினார், விளக்கு எரியவில்லை. தன் பையில் இருந்த ஆப்டிகல் மவுஸை அதே ஓட்டையில் செருகினார். அடியில் சிவப்பு வெளிச்சம் வந்தது. அப்படியானால் ஓட்டைக்கு 5 வோல்ட் வருகிறது. கரண்ட் இருக்கிறது, பேச்சுவார்த்தை இல்லை.

அடுத்து, அவர் கண் திரையின் அந்த முதல் வரிக்குத் திரும்பியது. எல்லோரும் இரண்டாவது வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஃப் 1, டெல். முதல் வரி என்ன சொல்கிறது? சிமாஸ் செக்சம் பிழை, ஆரம்ப அமைப்புகள் ஏற்றப்பட்டன.

“அக்கா, இந்த எழுத்து இன்னைக்குத்தான் வருதா?”

“இல்லயே தம்பி. ஆறேழு மாசமா தினமும் காலையில வரும். எஃப் ஒன்னு தட்டினா போயிரும். அது எப்பவும் வாறதுதான்னு விட்டுட்டோம்.”

முடிச்சு அங்கே அவிழத் தொடங்கியது.

மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல வெள்ளியாக ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032 என்று பெயர். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம்; பெயரிலேயே அளவு இருக்கிறது. 3 வோல்ட். சுவர் சுவிட்சை அணைத்த பிறகும் கடிகாரம் ஓடவும், சிஸ்டத்தின் அடிப்படை அமைப்புகள் மறந்துபோகாமல் இருக்கவும் அதுதான் காவல். அவர் பெட்டியைத் திறந்து மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். 1 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே முள் நின்றது. அந்தச் சிஸ்டம் 2003-ல் அசெம்பிள் செய்த பென்டியம் 4. ஆறு வருஷத்தில் பேட்டரி தீர்ந்திருந்தது.

கடை சாத்தும்போது அக்கா தினமும் மெயினை அணைத்துவிட்டுப் போவார். மெயின் இருக்கும் வரை எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளையிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம் சிமாஸ் என்ற அந்த நினைவைத் தாங்கிப் பிடித்திருக்கும். மெயினையும் அணைத்தால் தாங்க ஆளில்லை, எல்லாம் மறந்துபோகும். மறுநாள் காலை சிஸ்டம் வெறும் மனதோடு எழுந்து, தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய அமைப்புகளை எடுத்துக்கொண்டு, ‘எஃப் 1 தட்டு’ என்று கேட்கும். பழைய கீபோர்டு இருந்தவரை தட்டினார்கள், போனது. அன்று டீ கொட்டியதும் அக்கா சுவர் சுவிட்சை அணைத்தாரல்லவா? அந்த நிமிஷமே எல்லாம் அழிந்து, சாயங்காலமே சிஸ்டம் காலை நேரக் கேள்வியைக் கேட்டது.

அந்தத் தொழிற்சாலை அமைப்புகளில் ஒரு வரி உண்டு: யூஎஸ்பி கீபோர்டு சப்போர்ட். அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் அதற்கு நேராக ‘டிசேபிள்டு’ என்றுதான் இருக்கும்.

இது ஏன் என்று புரிந்தால்தான் அந்த இரவின் சிக்கல் புரியும். உருண்டை முள், அதாவது பிஎஸ்/2, 1987-ல் ஐபிஎம் தன் பர்சனல் சிஸ்டம்/2 வரிசையோடு கொண்டுவந்தது. ஆறு முள், அதில் வேலை செய்வது நாலுதான். டேட்டா, க்ளாக், 5 வோல்ட், எர்த். அந்தக் கீபோர்டிடம் பேசும் முறை 1984-ன் ஐபிஎம் ஏடி காலத்திலிருந்தே பெரிதாக மாறவில்லை. அதற்கென்றே ஒரு கன்ட்ரோலர் மதர்போர்டில் உண்டு. ஒரு விசை அழுந்தியதும் அது பிராசஸரைத் தட்டிக் கூப்பிடும். கம்ப்யூட்டர் விழித்த மறுகணமே அதை அடையாளம் தெரியும். வீட்டு மனுஷன் மாதிரி. கொல்லைப்புறக் கதவு வழியாக நேராக அடுக்களைக்கே வந்துவிடுவான்.

யூஎஸ்பி அப்படியில்லை. 1996 ஜனவரியில் முதல் வரையறை வந்தது. அந்த ஓட்டையில் கீபோர்டும் மாட்டலாம், பிரிண்டரும் மாட்டலாம், பென்டிரைவும் மாட்டலாம். ஆகவே வாசலில் நிற்பவரை யார், எந்த ஊர், என்ன வேலையாக வந்தீர் என்று கம்ப்யூட்டர் விசாரிக்க வேண்டும். விசாரித்து, ஒரு எண் கொடுத்து, பிறகு தானே அடிக்கடி போய் ‘ஏதாவது அழுந்தியதா’ என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். விண்டோஸுக்கு இதெல்லாம் தெரியும். விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் ஆட்சி செய்யும் பயாஸ் என்ற சின்ன நிரலுக்கு அந்த விசாரணையைச் செய்யச் சொல்லி ஒருவர் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அந்த அனுமதிதான் அந்த ஒரு வரி.

கீபோர்டுகளைச் செய்பவர்களும் பயாஸின் சிரமத்தை நினைத்து ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். பூட் புரோட்டோகால் என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு செய்தியும் எட்டே எட்டு பைட். முதல் பைட்டில் ஷிஃப்ட், கண்ட்ரோல் போன்றவை, இரண்டாவது சும்மா, மீதி ஆறில் ஒரே நேரத்தில் அழுந்தியிருக்கும் ஆறு விசைகள். ஒரு கீபோர்டு தன்னைச் சொல்லிக்கொள்ள இது சுருக்கமான வழி. பயாஸ் கேட்கத் தயாராக இருந்தால் போதும்.

அன்று அது கேட்கத் தயாராக இல்லை. அந்த அனுமதியைத் திருத்த வேண்டுமானால் பயாஸ் செட்டப்புக்குள் போக வேண்டும், போக டெல் அழுத்த வேண்டும், அழுத்தினால் கேட்காது. விண்டோஸுக்காவது போய்விடலாம் என்றால் எஃப் 1 வேண்டும், அதுவும் கேட்காது. சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்கிற நிலைமை.

பையில் ஒரு புது சிஆர் 2032 இருந்தது. அதைப் போட்டார். நிம்மதியாக சிஸ்டத்தைப் போட்டார். மறுபடியும் அதே இரண்டு வரிகள். இது அவரை ஒரு நிமிஷம் உலுக்கிவிட்டது. பிறகுதான் யோசித்தார்: பேட்டரி புதிதாகலாம், மறந்துபோனது திரும்பி வராது. புதுப் பேட்டரி போட்டதும் முதல் தடவை சிஸ்டம் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் தீரும். ஒருவர் உள்ளே போய்த் திருத்தி, சேமித்து வைத்தால்தான் இனிமேல் அது நினைவில் நிற்கும். ஆக, ஒரே ஒரு முறைக்காவது ஓர் உருண்டை முள் கீபோர்டு வேண்டும். மணி பத்து. கடைகள் எல்லாம் சாத்தியாகிவிட்டன. அவர் வீட்டில் இருந்த கீபோர்டும் யூஎஸ்பிதான், கன்வெர்ட்டரோ ஏற்கெனவே கைவிட்டிருந்தது.

மேஜைக்கு அடியில், பழைய பேப்பர் கட்டின் மேல், டீயில் நனைந்த கீபோர்டு கிடந்தது.

அதைத் தூக்கி மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். பின்பக்கத்து ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அக்கா நீட்டிய தட்டில் போட்டார். அடிமூடி விலகியதும் பாலும் சர்க்கரையும் சேர்ந்து புளித்த வாசனை வந்தது. உள்ளே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் வெள்ளி நிறக் கோடுகள், நம் ஊர் ரயில்வே மேப் மாதிரி வளைந்து வளைந்து ஓடின. நடுத்தாளில் கோடு இல்லை. ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு வட்ட ஓட்டை மட்டும். விசையை அழுத்தினால் மேல் தாள் அந்த ஓட்டை வழியாக வளைந்து கீழ்த் தாளைத் தொடும். தொட்டால் எழுத்து. அந்த ஓட்டைகளில் டீ தங்கியிருந்தது. தொடாமலே தொட்டதாக அது நடித்துக்கொண்டிருந்தது. ஒன்று தட்டினால் நாலு விழுந்ததும், பெட்டி விடாமல் பீப் அடித்ததும் அதனால்தான்.

கடையில் ஒரு குடம் தண்ணீரும், மைக்கறை துடைக்கிற பழைய வேட்டித் துணியும் இருந்தன. சர்க்கரை போக ஸ்பிரிட் தேவையில்லை, நல்ல தண்ணீரே போதும். துணியை நனைத்துப் பிழிந்து தாள்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். வெள்ளிக் கோட்டின் மேல் அழுத்தித் தேய்த்தால் கோடே உரிந்துவிடும். ஆகவே குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அக்கா டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து வைத்தார். கடைப் பையன் ஒரு தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஃபேனுக்கு முன்னால் நின்றான். வாசலில் இருந்தவர் எழுந்து வந்து, கேட்காமலே இன்னொரு தாளை வாங்கிப் பிடித்துக்கொண்டார். அந்தக் காட்சி சர்வீஸ்காரர் மனதிலிருந்து இன்று வரை போகவில்லை. அப்பாவை நடுவீட்டில் கிடத்திவிட்டு வந்த மனுஷன், ஒரு கீபோர்டின் ஈரம் காய்வதற்காக ஃபேன் காற்றில் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

104 விசைகளும் வேலை செய்ய வேண்டும் என்று அவர் ஆசைப்படவில்லை. விரல் விட்டு எண்ணினார். உள்ளே போக டெல். பட்டியலில் இறங்கக் கீழ் அம்பு. திறக்க எண்டர். மாற்ற பேஜ் அப். வெளியே வர எஸ்கேப். சேமிக்க எஃப் 10. ‘சரிதானா’ என்று கேட்டால் சொல்ல ஒய். ஏழு விசைகள். அந்த ஏழு இடங்களில் ஈரம் இல்லாமல் இருந்தால் போதும். அந்த ஏழு ஓட்டைகளையும் பஞ்சு முனையால் தனியாக ஒற்றி எடுத்தார்.

இருபது நிமிஷம் காய்ந்தது. தாள்களை அடுக்கி, அடிமூடியை வைத்து, ஸ்க்ரூவில் பாதியை மட்டும் போட்டு முறுக்கினார். சிஸ்டத்தைச் சுவர் சுவிட்சோடு அணைத்தார். உருண்டை முள் கீபோர்டை, ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் மாட்டவோ கழற்றவோ கூடாது. அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊதா நிற ஓட்டையில் முள்ளைப் பார்த்துச் செருகினார். கீபோர்டுக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை என்ற அந்த நிறக் கணக்கு 1990-களின் கடைசியில் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வகுத்தது. அவசரத்தில் மாற்றிச் செருகிவிட்டு ‘கீபோர்டு போச்சு’ என்று சொன்னவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

சுவிட்சைப் போட்டார். மூன்று விளக்குகளும் ஒரு தடவை சிமிட்டின.

டெல். நீலத் திரை விரிந்தது. கீழ் அம்பு, கீழ் அம்பு, கீழ் அம்பு, இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ். எண்டர். உள்ளே மறுபடியும் இறங்கி, யூஎஸ்பி கீபோர்டு சப்போர்ட் என்ற வரியில் நின்றார். நினைத்தபடியே ‘டிசேபிள்டு’. பேஜ் அப் ஒரு முறை தட்டினார், ‘எனேபிள்டு’ ஆனது. எஸ்கேப். எஃப் 10. ஒய். எண்டர். தேதியைத் திருத்தக்கூட அவர் அங்கே நிற்கவில்லை. அதை விண்டோஸிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஈரம் எந்த நொடியில் குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது.

மறுபடி அணைத்து, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டிப் போட்டார். கறுப்புத் திரை வந்தது. அந்த இரண்டு வரிகள் வரவில்லை. ஆறேழு மாதத்தில் முதல் முறையாக எஃப் 1 கேட்காமல் சிஸ்டம் தானே நடந்து போய், விண்டோஸ் எக்ஸ்பியின் அந்த இசையைப் பாடியது. மணி பத்தே முக்கால்.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கற்ற கை. கீபோர்டைக் குனிந்து பார்க்க மாட்டார். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று முதல் வரி விழுந்தது. கவர் வைத்திருந்தவர் பக்கத்தில் நின்று பெயர்களைச் சொன்னார். பதினொன்றரைக்கு ட்ரேஸ் பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு சர்வீஸ்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனபோது, சுவரில் பசை ஈரம் காயாமல் அந்தப் போஸ்டர் ஒட்டியிருந்தது. வண்டியை நிறுத்தி, அந்தப் பெரியவரின் முகத்தை அப்போதுதான் முழுதாகப் பார்த்தார்.

அதன் பிறகு இதே நோய் வேறு வேறு உருவத்தில் அவரிடம் வந்துகொண்டே இருந்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தது. சிஸ்டம் சீக்கிரம் ஏற வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்தது. பயாஸ் இருந்த இடத்தில் யூஇஎஃப்ஐ உட்கார்ந்தது. அதில் ஃபாஸ்ட் பூட் என்று ஓர் அமைப்பு. நேரத்தை மிச்சம் பிடிக்க, யூஎஸ்பி விசாரணையையே அது தள்ளிவைத்துவிடும். ஒரு கல்லூரி மாணவர் புதுக் கீபோர்டைக் கொண்டுவந்து, “அண்ணே, விண்டோஸ்ல நல்லா வேலை செய்யுது, ஆன் பண்ணும்போது எஃப் 2 அடிச்சா மட்டும் கேக்கவே மாட்டேங்குது” என்றார். அன்றைக்கு எதையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. விண்டோஸுக்குள் இருந்தபடியே ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் அது தானே செட்டப் திரையில் கொண்டுபோய் விடும். ஃபாஸ்ட் பூட்டை அணைத்தார், முடிந்தது.

அவருக்கு அதிகம் வேலை வைத்தது 2015-க்குப் பிறகு வந்த கதை. இன்டெலின் ஆறாம் தலைமுறை பிராசஸர்களோடு வந்த மதர்போர்டுகளில், யூஎஸ்பியைக் கவனித்துக்கொண்ட பழைய கன்ட்ரோலரை எடுத்துவிட்டு, எக்ஸ்ஹெச்சிஐ என்ற புதியதை மட்டும் வைத்தார்கள். 2009-ல் வெளியான விண்டோஸ் 7-க்கு அந்தப் புதியதோடு பேசத் தெரியாது. அலுவலகங்களிலோ விண்டோஸ் 7-தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். அவர்களுடைய கணக்கு மென்பொருள் அதில்தான் ஓடும். புது மெஷினில் விண்டோஸ் 7 டிஸ்கைப் போட்டால், பயாஸில் துள்ளி விளையாடிய கீபோர்டு, இன்ஸ்டால் திரை வந்ததும் செத்துவிடும். மவுஸும் அப்படியே. பாளையங்கோட்டை இரவுக்கு இது நேர் எதிர்: அங்கே விண்டோஸுக்குத் தெரியும், பயாஸுக்குத் தெரியாது, இங்கே பயாஸுக்குத் தெரியும், விண்டோஸுக்குத் தெரியாது. டிரைவரை டிஸ்கிலேயே சேர்த்துச் செய்யும் வழி உண்டு. அதற்கு முன் அவர் செய்தது ஒன்றே ஒன்று. பெட்டியின் பின்னால் திரும்பி, பாதி ஊதா பாதி பச்சையாக ஓர் உருண்டை ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. கடையிலிருந்து பழைய கீபோர்டை எடுத்துவரச் சொன்னார்.

ப்ளூடூத் கீபோர்டு வாங்கிவிட்டு, பயாஸில் வேலை செய்யவில்லை என்று வருபவர்களுக்கு அவர் சொல்லும் பதில் சுருக்கமானது: அது பெரும்பாலும் விண்டோஸ் வந்த பிறகுதான் ஜோடி சேரும், சின்ன டாங்கிள் செருகும் வயர்லெஸ் என்றால் கம்ப்யூட்டருக்கு அது சாதாரண யூஎஸ்பி கீபோர்டுதான், கவலை இல்லை. விளையாட்டுக்காரர்கள் வாங்கும் விலை உயர்ந்த கீபோர்டுகள் சிலவற்றில் ஒரே நேரத்தில் எத்தனை விசையையும் அழுத்தலாம். அந்த ஆறு விசை, எட்டு பைட் எல்லைக்குள் அவை அடங்குவதில்லை. பழைய பயாஸ்கள் அவற்றைப் பார்த்துத் திணறும். அதற்காகவே சிலவற்றில் பயாஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்து ஓட்டையிலோ ஹப்பிலோ மாட்டியிருந்தால் பின்பக்கத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். நீல நிற ஓட்டையை விட்டுக் கறுப்பு ஓட்டையில் மாட்டிப் பார்க்க வேண்டும். பல பழைய போர்டுகளில் அந்த ஒரு மாற்றமே போதும்.

இப்போது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஜங்ஷனில் சொந்தக் கடை. ‘கீபோர்டு வேலை செய்யல’ என்று யார் வந்தாலும், பொருளை வாங்குவதற்கு முன் மூன்று கேள்வி கேட்பார். ஆன் பண்ணும்போது விளக்கு சிமிட்டுதா? விண்டோஸ் போனா வேலை செய்யுதா? சிஸ்டத்துல தேதி சரியா இருக்கா? மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் பலர் விழிப்பார்கள். கீபோர்டுக்கும் தேதிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். தேதி பின்னால் போய் நின்றால் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பேட்டரி தீர்ந்திருந்தால் அமைப்புகள் அழிந்திருக்கும். இதைச் சொல்லிக் கொடுக்காமல் அவர் யாரையும் அனுப்புவதில்லை. கடையில் வேலை கற்க வரும் பையன்களுக்கு முதல் வாரத்தில் அவர் காட்டும் பொருளும் அந்த வட்டப் பேட்டரிதான்.

அக்காவின் கடையில் அந்தப் பென்டியம் 4 இன்னும் நாலு வருஷம் ஓடியது. டீயில் நனைந்த கீபோர்டை அவர் அன்று இரவே கேட்டு வாங்கிக்கொண்டார். ஆற அமரக் கழுவிக் காயவைத்ததில் 104-ல் நூறு விசைகள் உயிர் பெற்றன. எஃப் 1-ன் எழுத்து பாதி தேய்ந்திருக்கும். ஆறேழு மாதம் தினமும் அதைத் தட்டியிருக்கிறார்களே. கடையில் அவர் தலைக்கு மேல் ஓர் ஆணியில் அது தொங்குகிறது. விண்டோஸ் 7 காலத்தில் அலுவலகங்களுக்குப் போய் வந்ததும் அதுதான்.

உங்கள் வீட்டுப் பரணில் உருண்டை முள் கீபோர்டு ஒன்று கிடந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.